வரிசையில் கொதிக்கும் கார்: டிராக் ரேஸ் வண்டியின் குளிர்விப்புக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

டிராக் ரேஸில் நேர்கோட்டில் ஓட வேண்டிய கால் மைல் என்பது 402 மீட்டர். ஓரளவு தேற்றிய 1.5 லிட்டர் பெட்ரோல் கார் அதைப் பதினைந்து, பதினாறு விநாடியில் முடித்துவிடும். அந்தப் பதினைந்து விநாடிக்குள் கொதித்த காரை நான் அதிகம் பார்த்ததில்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் முன்னால் பன்னிரண்டு வண்டிகள் நிற்க, வெயிலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து கொதித்தவற்றைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஓடி முடித்துவிட்டுத் திரும்பும் பாதையில் உருண்டு வரும்போது கொதித்தவை அடுத்தபடி. அதனால், "எந்தக் கூலன்ட் நல்லது?" என்று கேட்டு வருகிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது சூடாகிறது?

பதிலைப் பொறுத்துத்தான் கீழே தலைப்புகள் பிரிகின்றன. உங்கள் வண்டிக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், பட்டறைச் செலவு கடைசியில். ஒரே ஒரு எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் பொது: சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் துணியைப் போட்டுக்கூடத் திறக்காதீர்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் தளர்வாக அமுங்க வேண்டும், அதுவரை காத்திருங்கள்.

## சோதனைக்கு முன்: உள்ளே என்ன ஊற்றியிருக்கிறீர்கள்?

தமிழ்நாட்டில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்கப் போவதில்லை. ஆகவே கிளைக்கால் (glycol) என்ற உறைதடுப்புத் திரவம் கலந்த கூலன்ட் நமக்குத் தருவது இரண்டுதான்: துருத் தடுப்பு, கொதிநிலையில் சிறு உயர்வு. பாதிக்குப் பாதி கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஆனால் 1.1 பார் அழுத்த மூடி போட்டு அடைத்துவிட்டால் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 122 டிகிரி வரை தாங்கும். கொதிநிலையைக் கூட்டுகிற வேலையில் பெரும்பங்கு மூடியுடையது. வெப்பத்தை அள்ளிச் செல்வதிலோ தண்ணீரை மிஞ்ச எதுவுமில்லை. கிளைக்கால் கலக்கக் கலக்க அந்தத் திறன் குறைகிறது.

கிளைக்காலுக்கு இன்னொரு குணம் உண்டு. தடத்தில் சிந்தினால் தண்ணீரைப் போல வெயிலில் காய்ந்து மறையாது. வழுக்கும் படலமாகத் தங்கி, அடுத்து வருகிற வண்டியின் டயருக்கு எண்ணெய் பூசிவிடும். பல நாடுகளில் தடங்கள் அதை அடியோடு தடை செய்திருப்பது இதனால்தான். அமெரிக்காவில் டிராக் ரேஸ்களை நடத்தும் என்.ஹெச்.ஆர்.ஏ. அமைப்பின் விதிகள் வழியும் தண்ணீரைப் பிடிக்கக் குறைந்தது 16 அவுன்ஸ், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான டப்பா ஒன்றைக் கட்டாயமாக்குகின்றன. நீங்கள் ஓடப்போகும் போட்டியின் துணை விதிகளில் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

என் தேர்வு இது. தடத்துக்கென்றே இருக்கும் வண்டிக்கு வடித்த தண்ணீர், அதில் துருத் தடுப்புக்கும் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதற்கும் விற்கும் சேர்மானம், அதுவும் டப்பாவில் போட்டிருக்கும் அளவு மட்டும். ஞாயிறு ஓட்டிவிட்டுத் திங்கள் அலுவலகத்துக்குப் போகிற வண்டி என்றால், விதி அனுமதிக்கும் இடங்களில் தயாரிப்பாளர் சொன்ன கூலன்ட்டே இருக்கட்டும். தண்ணீரும் கூலன்ட்டுமாக மாற்றி மாற்றி ஊற்றுவதில்தான் ஏர்லாக் (தண்ணீர் ஓடும் வழியில் காற்று சிக்குவது) பிறக்கிறது. தண்ணீரே இல்லாத கூலன்ட் என்று விற்பது 180 டிகிரிக்கு மேலும் கொதிக்காது என்பது உண்மைதான். ஆனால் அது வெப்பத்தை அள்ளும் திறன் தண்ணீரைவிடக் குறைவு. வெப்ப மீட்டரின் முள் சற்று மேலேயே நிற்கும். விலையும் அதிகம். வரிசையில் சூடாகிற வண்டிக்கு அது மருந்து இல்லை.

போர்வெல் தண்ணீரை ஊற்றவே கூடாது. சென்னைப் புறநகரின் உப்புத் தண்ணீர் ஒரு பருவத்துக்குள் அலுமினிய ரேடியேட்டரின் குழாய்களில் வெள்ளைப் பொருக்குக் கட்டிவிடும். பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் போதும்.

## அறிகுறி 1: நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

இதுதான் மிகுதியாக வருவது. மிக எளிதாகத் தீர்வதும் இதுதான். வண்டி நகரும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நின்றால் அது இல்லை. எனவே குற்றவாளி விசிறியின் பக்கம் இருக்கிறது.

விசிறி சுற்றுகிறதா? சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே. பக்கத்தில் இருக்கும் ஹாரன் ரிலே அதே வகையாக இருந்தால் மாற்றிச் செருகிப் பாருங்கள். பிறகு விசிறி மோட்டாருக்கு நேராக பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். நேராகக் கொடுத்தால் சுற்றுகிறது, வண்டியில் சுற்றவில்லை என்றால் ஒயரிங்கிலோ சென்சாரிலோ பழுது.

எந்தப் பக்கம் சுற்றுகிறது? சிரிக்காதீர்கள். ஒரு பழைய 1.5 செடானை நானும் இன்னொருவருமாக மூன்று ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பூட்டினோம். தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் திறக்கும் வால்வு) மாற்றினோம், பம்ப் மாற்றினோம், ரேடியேட்டரைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்தோம். கடைசியில் பிட்டில் யாரோ டீ வாங்கிய பொட்டலத்தின் தினசரித் தாள் பம்பரின் மேல் கிடந்தது. விசிறி ஓடத் தொடங்கியதும் அந்தத் தாள் முன்பக்கம் பறந்து போனது. புதிதாக ஒயரிங் செய்தவர் இரண்டு முனைகளை மாற்றிப் போட்டிருந்தார்; விசிறி காற்றை உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எனக்கு முதல் சோதனையே இதுதான்: ஒரு தினசரித் தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடியுங்கள். விசிறி ஓடினால் தாள் உறிஞ்சி ஒட்டிக்கொள்ள வேண்டும். நழுவி விழுந்தால் இழுவை போதாது. பறந்தால் சுழற்சி தலைகீழ்.

விசிறியைச் சுற்றி கூடு இருக்கிறதா? எடை குறைக்கிறேன் என்று பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். கூடு இல்லாத விசிறி தனக்கு நேரே உள்ள வட்டத்தை மட்டும் குளிர்விக்கும். நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். எடை பார்த்தால் ஒரு கிலோகூட இராது. திரும்பப் பூட்டுங்கள்.

முன்னால் அடைப்பு? ஏசி கண்டன்சரை வைத்துக்கொண்டே இன்டர்கூலரும் சேர்த்தவர்கள், இரண்டுக்கும் நடுவில் சிக்கிய பூச்சி, புல், பர்ன்அவுட்டில் (டயரை நின்றபடி சுழற்றிச் சூடேற்றுவதில்) தெறித்த ரப்பர்த் துணுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவலாம். அழுத்தம் கூடிய பம்பைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடிந்து, இருந்த வழியும் அடைபடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நின்றால் ஏறுகிறது என்றால், எஞ்சின் சூடான பிறகு ரேடியேட்டரின் முகத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக அளந்து பாருங்கள். வெப்பம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் திடீரென்று குளிர்ந்த திட்டு இருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. ரேடியேட்டர் கடைக்குப் போகும் வேளை இது. பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 2: வரிசையில் சரியாக இருக்கிறது, ஓட்டத்தின் முடிவில் திடீரென்று எகிறுகிறது

வேகமும் சுழற்சியும் கூடும்போது மட்டும் வரும் கோளாறு. விசிறியைக் குறை சொல்ல முடியாது.

முதல் சந்தேகம் ஏர்லாக். பழைய ஹோண்டா எஞ்சின்கள் பலவற்றில் மேல் ஹோஸ் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் காற்று வெளியேற்றுவதற்கென்றே ஒரு போல்ட் இருக்கும்; அதைத் திறக்காமலே தண்ணீர் நிரப்புகிறவர்கள்தான் அதிகம். வண்டியின் மூக்கை ஜாக்கி வைத்து உயர்த்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வையுங்கள், மூடி இல்லாமல் மெதுவாக நிரப்புங்கள், குமிழி நிற்கும்வரை காத்திருங்கள். அரைமணி நேரம் பிடிக்கும். அவசரப்படுகிறவர்கள் அடுத்த ஞாயிறும் இதையே செய்வார்கள்.

ஹீட்டரையே கழற்றிவிட்ட வண்டியா? அந்த இரண்டு குழாய்களையும் எப்படி முடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்தில் தண்ணீர் சுற்றிவர உதவும் வழிகளில் அதுவும் ஒன்று. இரண்டையும் தனித்தனியாக அடைத்துவிட்டால் சூடான தண்ணீர் தெர்மோஸ்டாட்டை எட்டத் தாமதமாகும். அது திறக்கும்போது ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) ஏற்கெனவே காய்ந்துபோயிருக்கும். இரண்டையும் ஒரே ஹோஸால் இணைத்துவிடுங்கள்.

அடுத்தது கீழ் ஹோஸ். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. எஞ்சின் சூடான பிறகு ஒருவர் 4,000 சுற்றுக்கு மேல் ஏற்றிப் பிடிக்க, மற்றவர் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும். ஹோஸ் நடுவில் சப்பையானால் உள்ளே இருக்க வேண்டிய சுருள்கம்பி இல்லை, அல்லது ரப்பர் நைந்துவிட்டது. இந்தக் கோளாறு வண்டி சும்மா நிற்கும்போது எள்ளளவும் தெரியாது. தளர்ந்த சட்டையையும் தொங்கும் லேஸையும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

பெல்ட் வழுக்குகிறதா என்பதை ஒலியிலேயே அறியலாம். ஒலி இல்லாமல் வழுக்குவதும் உண்டு. புல்லியின் பள்ளம் கண்ணாடிபோல் மின்னினால் அதுதான்.

இவை எதுவும் இல்லை, பம்ப்பும் மாற்றியாயிற்று என்றால் அறிகுறி 3-இன் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 3: ஓட்டம் முடிந்ததும் தண்ணீர் வெளியே தள்ளுகிறது

வழிவு டப்பா நிறைந்து தடத்தில் சொட்டியது, மார்ஷல் கொடி காட்டினார், அன்றைய நாள் அத்தோடு சரி. இதற்கு மூன்று படிகள்.

அதிகம் நிரப்பியது. ரிசர்வ் டப்பாவைக் குளிர்ந்த நிலையில் மேல்கோடுவரை நிரப்பி, அதற்கும் மேல் "இருக்கட்டும்" என்று அரை லிட்டர். சூடானால் தண்ணீர் விரியும். இடமில்லாவிட்டால் வெளியே வரும். கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே நிறுத்துங்கள்.

மூடி. சில நூறு ரூபாய்ப் பொருள் இது. ஆனால் இரண்டு வால்வுகள் கொண்டது. ஒன்று அழுத்தம் கூடினால் வெளியே விடும், மற்றொன்று குளிரும்போது திரும்ப உறிஞ்சும். முதல் வால்வின் ரப்பர் தேய்ந்தால் உரிய அழுத்தத்துக்கு முன்பே திறந்து தண்ணீரைத் தள்ளும். இரண்டாவது சிக்கிக்கொண்டால், இரவு குளிர்ந்த பிறகு மேல் ஹோஸ் உறிஞ்சிச் சப்பையாகக் கிடக்கும். ரேடியேட்டர் கடைகளில் மூடியைச் சோதிக்கும் கைப்பம்ப் இருக்கும். ஆனால் அங்கே போய் வரும் பெட்ரோல் செலவுக்குப் புது மூடியே வாங்கிவிடலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: மூடியில் போட்டிருக்கும் எண் உங்கள் ரேடியேட்டருக்குரியதாக இருக்க வேண்டும். கொதிக்கிறதே என்று அழுத்தம் கூடிய மூடியைப் போட்டால், பிளாஸ்டிக் தொட்டி வைத்த ரேடியேட்டர் தையல் வழியாகக் கசிந்துவிடும்.

ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு. இங்கேதான் காசு. எல்லாரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். நானோ கடைசியில் பார்ப்பேன். ஆனால் பார்க்க வேண்டிய நேரத்தில் தள்ளிப்போட மாட்டேன்.

இதற்கு எனக்குப் பிடித்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். மாலையில் ஓடிய வண்டியை அப்படியே விடுங்கள். மறுநாள் காலை, எஞ்சினை இயக்குவதற்கு முன், முழுக்கக் குளிர்ந்த நிலையில் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். நல்ல எஞ்சின் என்றால் அது தளர்ந்து கிடக்கும். தண்ணீர் சுருங்கியதோடு அழுத்தமும் போயிருக்கும். காலையிலும் ஹோஸ் விறைப்பாக இருந்து, மூடியைத் திருகும்போது 'புஸ்' என்று காற்று வந்தால், அது நீராவி இல்லை. எஞ்சின் சிலிண்டரிலிருந்து புகுந்த எரிந்த வாயு. குளிர்ந்தாலும் அது தண்ணீராக மாறிவிடாது.

சந்தேகத்தை உறுதி செய்ய நீலத் திரவச் சோதனைக் கருவியை ரேடியேட்டர் கழுத்தில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். நீலம் மஞ்சளானால் எரிந்த வாயு உள்ளே வருகிறது. தண்ணீர் அந்தக் குழலுக்குள் ஏறிவிடாதபடி அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால், மூன்று பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல வெளுத்தும் இருப்பது இன்னொரு சாட்சி.

டர்போ வைத்த வண்டிக்கு ஒரு நெளிவு உண்டு. பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) ஏறும்போது மட்டும் ஹெட் மயிரிழை அளவு தூக்கிக்கொடுத்து, எரிந்த வாயு தண்ணீருக்குள் பாயும். சும்மா நிற்கும்போது எல்லாச் சோதனையும் நல்லதென்றே சொல்லும். இதற்குக் காலை நேர ஹோஸ் சோதனைதான் கைகொடுக்கும்.

உறுதியாகிவிட்டால் நீங்களே கேஸ்கெட் மாற்ற இறங்காதீர்கள். குறைந்தபட்சம் ஹெட்டைச் சமன் பார்க்க லேத் பட்டறைக்குக் கொடுங்கள். சிறிய அலுமினிய ஹெட்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வளைவு எல்லை 0.05 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. கண்ணுக்கு நேராகத் தெரியும் ஹெட் அதைத் தாண்டியிருக்கலாம். சிவப்பைத் தொட்ட வண்டியை "இன்னும் ஒரே ஒரு ஓட்டம்" என்று விட்டவர்களுக்குத்தான் கேஸ்கெட் செலவு ஹெட் செலவாக மாறியிருக்கிறது.

## அறிகுறி 4: சூடாகவே மாட்டேன் என்கிறது, ஒவ்வோர் ஓட்டத்திலும் நேரம் மாறுகிறது

ஓட்ட நேரம் அச்சிட்டுத் தரும் டைம் ஸ்லிப்பில் காலை ஓட்டத்துக்கும் மதிய ஓட்டத்துக்கும் அரை விநாடி வித்தியாசம். ஓட்டுநர் கிளட்ச்சைக் குறை சொல்வார். நீங்கள் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அது இருக்காது.

"ரேஸ் வண்டிக்கு எதற்குத் தெர்மோஸ்டாட்" என்று பிடுங்கிப் போடுவது ஒரு பரம்பரை வழக்கம். விளைவு, தண்ணீர் 55 டிகிரியில் இருக்கும்போது ஓர் ஓட்டம், 95-இல் இன்னொன்று. எஞ்சின் குளிராக இருப்பதாக ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) நினைத்தால் பெட்ரோலைக் கூட்டும். அதிகச் சூடு கண்டால் பற்றவைப்பைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டிலும் நேரம் போகும். நல்ல தெர்மோஸ்டாட் ஒன்றை எடுத்து, அடுப்பில் சூடேறும் தண்ணீர்ப் பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, அது எந்த டிகிரியில் திறக்கிறது என்று பார்த்துவிட்டே பூட்டுங்கள். சமையலறை வெப்பமானி போதும்.

எந்த வெப்பநிலையில் புறப்படுவது என்பதற்கு வண்டிக்கு வண்டி பதில் வேறு. நான் கவனித்த, டர்போ இல்லாத எஞ்சின்களில் தண்ணீர் 75-க்கும் 80-க்கும் இடையில் இருக்கும்போது புறப்படும் கோட்டின் ஸ்டேஜிங் விளக்கைத் தொட்டால் நன்றாகப் போகின்றன. எண் எதுவானாலும் ஒவ்வொரு முறையும் அதே எண்ணில் புறப்படுங்கள். எண்ணெய் மட்டும் சூடாக இருக்க வேண்டும்; தண்ணீரைக் குளிர்வித்துவிட்டு எண்ணெய் இன்னும் கெட்டியாக இருக்கும் நிலையில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பேரிங்தான் அழும்.

ஓட்டங்களுக்கு இடையில் குளிர்விக்க மின்சார வாட்டர் பம்ப் இருந்தால் வேலை பாதி. எஞ்சினை நிறுத்திவிட்டு பம்ப்பையும் விசிறியையும் மட்டும் ஓடவிடலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து 25 ஆம்பியர் இழுத்தால் அரைமணியில் 12 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது கால்வாசிக்கும் மேல். சார்ஜர் இல்லாமல் இதைச் செய்துவிட்டு ஸ்டேஜிங்கில் செல்ஃப் எடுக்காமல் தள்ளிக்கொண்டு போன காட்சியும் உண்டு. ஐஸ்கட்டிப் பையை இன்டேக் மேனிஃபோல்டின் மேல் வைப்பது சரி. சூடான எஞ்சினுக்குள் ஐஸ் தண்ணீரை ஊற்றுவது ஹெட்டைப் பிளக்கும் வழி. ரேடியேட்டர் மேல் தண்ணீர் தெளித்தால் டயருக்குச் சொட்டாமல் துடைத்துவிட்டுப் போங்கள்.

டிராக் ரேஸின் மிக வேகமான வகையான டாப் ஃபியூயல் வண்டிகளுக்குக் குளிர்விப்பே இல்லையே என்று கேட்பார்கள். உண்மை. அவற்றின் அலுமினிய பிளாக்கில் தண்ணீர் ஓடத் துளையே கிடையாது. கொட்டிக்கொண்டே இருக்கும் நைட்ரோமீத்தேன் எரிபொருள்தான் குளிர்விக்கிறது. 2008 முதல் அவை ஓடுவது 1,000 அடி, நான்கு விநாடிக்கும் குறைவு. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். நீங்களும் பிரித்துப் பூட்டத் தயார் என்றால் ரேடியேட்டரைக் கழற்றிவிடலாம்.

## அறிகுறி 5: தண்ணீரின் நிறம் சரியில்லை

செம்பழுப்பு, சேறு: துரு. போட்டிக்குப் பிறகு வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் விட்டிருக்கிறீர்கள். வடித்த தண்ணீரால் தெளியும்வரை மூன்று நான்கு முறை கழுவுங்கள்.

கூழ், ஜெல்லி: இரண்டு வகைக் கூலன்ட் கலந்திருக்கிறது. பச்சையோடு பச்சை சேர்த்தால் தவறில்லை என்று நினைக்காதீர்கள். நிறத்துக்கு எந்தப் பொதுத் தரமும் கிடையாது. டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். கூழ் கட்டினால் வெறும் கழுவல் போதாது, ரேடியேட்டர் கடைக்குக் கொடுங்கள்.

பால் கலந்த காப்பி: எண்ணெய் கலந்திருக்கிறது. எஞ்சினை இயக்கவே வேண்டாம். எண்ணெய்க் கூலர் தண்ணீரால் குளிர்விக்கப்படும் வகை என்றால் முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள், கேஸ்கெட்டைவிட மலிவு. வண்டியைத் தள்ளி ஏற்றி மெக்கானிக்கிடம் அனுப்புங்கள்.

## அறிகுறி 6: முள் ஏறுகிறது, ஆனால் எஞ்சின் சூடாக இல்லை

மீட்டர் பொய் சொல்வதும் உண்டு. விசிறி போடும்போது முள் ஒரு துள்ளு துள்ளினால் எர்த் சரியில்லை. சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீருக்குப் பதில் காற்றுக்குமிழி நின்றால், முள் பாட்டுக்குக் கீழே கிடக்கும், ஹெட் வெந்துகொண்டிருக்கும். இதுதான் ஆபத்தானது. தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டி அகச்சிவப்பு வெப்பமானியில் பார்த்தால் பத்து டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் சென்சாரை மாற்றுவதற்கு முன் காற்றை வெளியேற்றிப் பாருங்கள்.

## போட்டி முடிந்த மாலை

வெறும் தண்ணீரில் ஓட்டியிருந்தால் அந்த வாரமே வடித்துவிட்டு, வண்டிக்குரிய கூலன்ட்டை நிரப்பி, காற்று வெளியேற்றி நிறுத்துங்கள். கூலன்ட்டைப் பிட்டின் ஓரத்து மண்ணில் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய்கள் நக்கிவிடும். நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும். தடத்தைச் சுற்றி எப்போதும் நாலைந்து நாய்கள் திரிகின்றன. நான் பழைய ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றை மூடியோடு வண்டியிலேயே வைத்திருக்கிறேன், அதில் பிடித்து மேலே 'விஷம்' என்று எழுதி வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.